கணவாய் எந்த ஆழத்தில் கிடைத்தது

எங்கள் வீட்டில் சந்தேகப்படுவது என் பொறுப்பு. என் கணவர் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். விதைக்கடைக்காரர் முளைப்பு நன்றாக இருக்கும் என்றால் சரி, தரகர் ஆடு சினையாக இருக்கிறது என்றால் அதுவும் சரி. விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்ப்பதும், ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்ப்பதும் நான்தான். கல்யாணமான நாளிலிருந்து குடித்தனம் இப்படித்தான் ஓடுகிறது. நம்புகிறவருக்கு ஊரில் நல்ல பேர், எனக்கு ‘பொல்லாதவ’ என்று பேர். இருக்கட்டும், ஏமாந்தவள் என்ற பேருக்கு இது தேவலை.

திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் ஊர். மழை பெய்தால் மிளகாயும் மக்காச்சோளமும் வரும், கண்மாய் நிறைந்தால் கொஞ்சம் நெல் வரும். இரண்டும் பொய்த்தால் ஆழ்துளைப் போர் போட வேண்டியதுதான். போர் லாரி வந்து நின்றால் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ராடு எண்ண வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். ஒரு ராடு இருபது அடி. ஒன்று முழுசாக இறங்கி அடுத்ததை மாட்டும்போது மோட்டார் அறைச் சுவரில் ஒரு கரிக்கோடு போட வேண்டும். கண்ணை எடுத்தால் பத்து ராடு இறக்கிவிட்டுப் பன்னிரண்டு என்பார்கள். ‘அக்கா, குடிக்கத் தண்ணி’ என்று அவர்கள் கேட்பதே நம்மை எழுப்பத்தான் என்பது என் கட்சி. அதனால் குடத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன்.

எங்கள் நிலத்தில் மூன்று முறை போர் போட்டோம். மூன்று முறையும் எண்ணியது நான். எண்ணுவதோடு வேலை முடியாது. குழியிலிருந்து வெளியே வந்து விழும் கல்தூளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தூளில் ஈரம் தட்டியதும், ‘இந்தா, எரநூத்தி நாப்பதுல தண்ணி’ என்று சத்தம் போடுவார்கள். அந்த ஈரம் அடியிலிருந்து வந்ததா, மேலே அறுபதடியில் கசிகிற ஊற்று, தூள் வெளியே வருகிற வழியில் அதை நனைத்துவிட்டதா? நான் இதைக் கேட்பேன். அவர்களுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் என் சந்தேகம் சரி என்று எடுத்துக்கொள்வேன்.

எங்களுக்கு ஒரே மகள். அருப்புக்கோட்டையில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, பக்கத்தில் எத்தனையோ கல்லூரி இருக்க, கடலைப் பற்றிப் படிக்கிறேன் என்று தூத்துக்குடிக்குப் போனாள். படிப்பு முடிந்தும் திரும்பவில்லை. ஆராய்ச்சி என்றாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டதற்கு, கணவாய் மீனும் பேய்க்கணவாயும் கடலில் எந்தெந்த ஆழத்தில் எந்தெந்த வகை வாழ்கின்றன என்று பார்ப்பதாம். எட்டுக் கை உள்ள மீனுக்குப் பேய்க்கணவாய் என்று பேர். பேய் என்று பேர் வைத்த ஒன்றைத் தேடி வயசுப்பிள்ளை போகிறாளே என்று முதல் நாளே எனக்கு மனசு சரியில்லை.

அவள் போனில் விளக்கியபோது நான் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன்.

“கரைய ஒட்டி, கடலுக்குள்ள புல்லு மொளச்சிருக்குற எடத்துல ஒரு கணவாய் வந்து முட்டை வைக்கும்மா. அதத் தாண்டிப் போனா ஊசிக்கணவாய். பகல்ல தரையோட தரையாக் கெடக்கும், பொழுது சாஞ்சா மேல ஏறும். இங்கனக்குள்ள இருக்குற பேய்க்கணவாய் பாறைப் பொந்துக்குள்ளயே குடித்தனம் பண்ணும். நடுக்கடலுக்குப் போனா வேற கூட்டம். வெளிச்சமே எட்டாத ஆழத்துல பகலெல்லாம் கெடந்துட்டு, இருட்டுனப்புறம் மேல வந்து எரை பிடிச்சுட்டு, விடியுமுன்ன எறங்கிரும். அதுலயும் சிலது குஞ்சுல மேலயே கெடக்கும், வளர வளர ஆழத்துக்குப் போயிரும்.”

வளர வளர ஆழத்துக்குப் போய்விடுமாம். இதை எதற்கு என்னிடம் சொல்கிறாள் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

“இதெல்லாம் யாரு உள்ள போய்ப் பாத்தா?” என்று கேட்டேன்.

“வலை போட்டுத்தாம்மா பாக்குறது.”

“வலை வந்து வாயத் தொறந்து சொல்லுச்சாக்கும்?”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “அதாம்மா எங்களுக்கும் சந்தேகம்” என்றாள். “வலைய ஆயிரம் மீட்டருக்கு எறக்குறோம்னு வையி. எறங்கும்போதும் வாய் தொறந்துதான இருக்கு, ஏறும்போதும் தொறந்துதான இருக்கு. மேல வந்தப்புறம் உள்ள கெடக்குற கணவாய் ஆயிரத்துல மாட்டுச்சா, வர்ற வழியில எரநூறுல மாட்டுச்சான்னு எப்பிடிச் சொல்ல? முன்னால உள்ளவுக ஆயிரம்னே எழுதி வச்சிருக்காக. அத நம்ப முடியல.”

மிளகாயைக் கீழே போட்டுவிட்டேன். கல்தூளில் தட்டிய ஈரத்தைப் பற்றி நான் லாரிக்காரர்களிடம் கேட்ட அதே கேள்வி. அன்றைக்குத்தான் அவள் என் வயிற்றில் பிறந்தவள் என்பது எனக்கு நிச்சயமாயிற்று. அவ்வளவு சந்தோஷம்.

“அதுக்குன்னே ஒரு வலை இருக்கும்மா. வேணுங்கிற ஆழத்துல போய் வாயத் தொறக்கும், அப்புறம் தானா மூடிக்கிரும். ஆராய்ச்சிக் கப்பல்லதான் அது இருக்கு. அடுத்துப் போற கப்பல்ல எங்க காலேஜுக்கு ஒரு எடம். மேடம் எம்பேரத்தான் குடுக்கப் போறாகளாம்” என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கப்பலுக்குப் போனால் மூன்று வாரம் நடுக்கடலில் இருப்பாள் என்பது மட்டும் எனக்கு உறுத்தியது.

அந்தக் கப்பல் வரும்வரை, புதனும் சனியும் விசைப்படகில் கடலுக்குப் போய் வந்தாள். கூடப் படிக்கும் பெண் ஒருத்தி துணை. விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் கரை. அந்த இரண்டு நாளும் போன் போகாது. கடலுக்குள் சிக்னல் இல்லை என்பாள். எங்கள் காட்டில்கூடத்தான் சிக்னல் இல்லை, வரப்பில் ஏறி நின்றால் கிடைக்கிறதே. ஒருநாள் முழுக்க ஒரு பிள்ளையின் போன் செத்துக் கிடக்குமா? கல்யாணப் பேச்சை எடுத்தால் வழுக்குகிறாள், போனையும் அணைத்து வைக்கிறாள். இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். கணக்கு ஒரு மாதிரியாகத்தான் வந்தது.

யாரிடமும் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு. தூத்துக்குடிக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனால் சொல்லாமல் போகிறவளுக்கு ஒரு சாக்கு வேண்டுமே.

விடுதியில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். நான் அப்போதும் அவள் தோளுக்கு மேலாக அறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குளிக்கப் போனதும் கொடியில் கிடந்த சுடிதாரை மோந்து பார்த்தேன். மீன் வாடை அடித்தது. மீன் சந்தைக்குப் போனாலும் இதே வாடைதான் அடிக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மேசையில் அவள் நோட்டு கிடந்தது. திறந்தேன். கடைசிப் பக்கத்தில் சனிக்கிழமை என்று போட்டு, ஆழம் இருபது பாகம், ஊசிக்கணவாய் இத்தனை, பேய்க்கணவாய் மூன்று என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். பாகம் என்பது கடல்காரர்களின் அளவு, இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். இருபது பாகம் என்பதை மனதில் குறித்துக்கொண்டு நோட்டை இருந்தபடியே வைத்தேன்.

மத்தியானம், அவள் போகிற படகைக் காட்டக் கூட்டிப்போனாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடலுக்குப் போவதில்லை. படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. படகு ஓட்டுகிறவரை டிரைவர் என்கிறார்கள். அவர் மேல்தட்டில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். மகள், துணைக்கு வரும் அந்தத் தோழியோடு அடுத்த படகுப் பக்கம் போன நேரம் பார்த்து நான் மெதுவாக ஆரம்பித்தேன். மகள் நேற்று வந்தாளா என்று கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவளிடம் யார் இல்லை என்பார்கள்? ராடு எண்ணுகிறவள் ஆளைக் கேட்க மாட்டாள், அளவைத்தான் கேட்பாள்.

“நேத்து வலைய எம்புட்டு எறக்குனீக தம்பி?”

“நேத்தாக்கா? நூறு பாகம் விட்டோம்.”

“நூறா? நல்லாத் தெரியுமா?”

“வயர விட்டதே நான்தானக்கா. எனக்குத் தெரியாதா?”

இருபது எங்கே, நூறு எங்கே. போர்க்காரன் கூட்டிச் சொல்வான், அதில் அவனுக்கு லாபம். இவள் எதற்குக் குறைத்து எழுத வேண்டும்? ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தெரிந்தது. படகில் இருந்திருந்தால் நூறு என்று எழுதியிருப்பாள். இவள் படகுக்கே போகவில்லை. கரையில் எங்கேயோ உட்கார்ந்து, தோன்றிய எண்ணை எழுதியிருக்கிறாள். அப்படியானால் அந்தப் பகல் முழுக்க எங்கே, யாரோடு?

அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கரிக்கோட்டை லாரிக்காரனிடம் முன்கூட்டியே காட்டக்கூடாது, கடைசியில்தான் காட்ட வேண்டும். அதே புத்தி. குழம்பை ஊற்றிக் கொடுத்து, தலையைத் தடவிவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன். அவள் ஜன்னலோரம் நின்று, “ஊருக்குப் போயி போன் பண்ணும்மா” என்றாள். எவ்வளவு அழகாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நினைத்தது அதுதான்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை அவள் போன் வழக்கம்போலச் செத்துக் கிடந்தது. வியாழக்கிழமை காலையில், விடுதியில் சேர்த்தபோது வாங்கி வைத்த எண்ணில், அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியைக்குப் போன் போட்டேன். அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார்கள்.

“எம்மக எழுதுற ஆழமெல்லாம் நெசமான்னு பாருங்கம்மா. படகுல உள்ளவுக நூறுங்கிறாக, இவ இருபதுன்னு எழுதி வச்சிருக்கா” என்றேன்.

“படகுல யாரு சொன்னாங்க?”

“அத நாஞ்சொல்ல மாட்டேன்.” ஒருவரைக் காட்டிக்கொடுப்பது எனக்குப் பிடிக்காது. மகளைக் காட்டிக்கொடுக்கிறோம் என்பது அந்த நேரம் உறைக்கவில்லை.

“உங்க பொண்ணு மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கும்மா. ஆனா பெத்த தாயே சொல்லும்போது பாக்காம விடவும் முடியாது” என்றார்கள். போனை வைத்தேன். கடமையைச் செய்துவிட்டதாக ஒரு நிம்மதி. அந்த நிம்மதியோடு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் என் கணவர் காட்டிலிருந்து வந்தார். கோழிகளைக் கூண்டில் அடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படுவார், பதறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

“படகு நின்னுக்கிட்டா வலைய எறக்குது, ஓடிக்கிட்டா?”

“ஓடிக்கிட்டேதான் இழுக்குமாம்.”

“அப்பறம் என்ன? பரம்புப் பலகை இழுக்கையில கயிறு மாட்டுக்குப் பின்னால சாஞ்சுதான வரும். செங்குத்தாவா நிக்கும்? நூறு பாகம் வயரு விட்டா, அது சாஞ்சு போய் இருபது பாகத்துல தரையத் தொடும். புள்ள சரியாத்தான் எழுதியிருக்கு.”

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். யாரையும் எதையும் கேள்வி கேட்காத மனுஷர். ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதில் முடிந்துவிட்டது. நான் கூண்டுக் கதவைப் பிடித்தபடி நின்றேன். பூமிக்குள் போகிற ராடு நேராகத்தான் போகும். அதை எண்ணியே பழகியவளுக்கு, கடலில் கயிறு சாயும் என்பது தோன்றவே இல்லை. ஊரில் வேறு யார் கேட்டிருந்தாலும் இதே தப்பைத்தான் செய்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் மகள் போன் பண்ணினாள். அழுதுகொண்டேதான் பேசினாள்.

“கப்பல்ல எம்பேர எடுத்துட்டாகம்மா. என் நோட்டு பொய்யின்னு யாரோ மேடத்துக்கிட்டச் சொல்லியிருக்காக. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாக. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் என்னைய அனுப்ப முடியாதாம். இன்னைக்குக் காலைல எனக்குப் பதிலா அவ பேரக் குடுத்துட்டாக.” அவள் என்றது கூடப் படகில் வந்த தோழியை. “அவதாம்மா சொல்லியிருக்கணும். வேற யாருக்கு என் நோட்டு தெரியும்? கூடவே இருந்து இப்பிடிப் பண்ணிட்டா பாரு.”

என் குணம் அவளுக்குள் எழுந்து நின்று தப்பான ஆளைக் கை காட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அந்தப் புள்ள இல்ல தாயி. நான்தான்” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைத் திறந்தது, டிரைவரிடம் கேட்டது, அவளைப் பற்றி நினைத்தது, அத்தனையும் சொன்னேன். போன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை ‘ஏத்தா, ஏத்தா’ என்று கூப்பிட்டேன். கடைசியில், “கயிறு சாஞ்சு போகும்மா” என்றாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“அப்பாவும் அதத்தான் சொன்னாக.”

“அப்பா எப்பச் சொன்னாக?”

“இப்பத்தான். நீ போன் பண்றதுக்குக் கொஞ்ச முன்னால.”

என் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

“சரிம்மா” என்றாள் மகள். “தெரியாமத்தான செஞ்ச. விடு.”

உடனே பேராசிரியைக்குப் போன் போட்டு அழுதேன். டிரைவர் வயர் என்று சொன்னதை நீங்கள் சொல்லவே இல்லையே அம்மா என்று அவர்கள் வருத்தப்பட்டார்கள். வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால்கூட மாற்றியிருக்கலாம், பட்டியல் காலையில் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அடுத்த கப்பல் வருவதற்குள் என் மகளின் படிப்புக் காலம் முடிந்துவிடும் என்பதையும் அவர்கள்தான் சொன்னார்கள்.

கப்பல் போய்த் திரும்பியது. பொங்கலுக்கு மகள் வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. முறத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, தோழி பார்த்ததையெல்லாம் சொன்னாள். வாய் மூடுகிற வலையில், ஆழத்துக்கு ஆழம் தனித்தனியாகக் கணவாய் வந்ததாம். மேலே இருக்கும் என்று எழுதி வைத்திருந்த ஒன்று கீழேயும், ஆழத்தில் என்று எழுதியிருந்த ஒன்று நடுவிலும் கிடைத்ததாம். பகலில் போட்ட வலைக்கும் இருட்டியபின் போட்ட வலைக்கும் சம்பந்தமே இல்லையாம். கண்ணாடிபோல உள்ளிருப்பதெல்லாம் தெரிகிற கணவாய் ஒன்று. காதுபோல இரண்டு துடுப்பு வைத்த பேய்க்கணவாய் ஒன்று, அது பொந்துக்குள் இராமல் ஆழத்தில் நீந்தித் திரியுமாம். உள்ளங்கையில் வைத்துக் காட்டுவதுபோலக் கையைக் குவித்துக் காட்டினாள். கையில் ஒன்றும் இல்லை. அவள் பார்த்திருக்க வேண்டியவை அவை.

அவள் ஊருக்குப் போனபின் அந்தச் ‘சரிம்மா’வைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முன்னால் உள்ளவர்கள் எழுதி வைத்த ஏட்டை நம்பாதவள், வலையை நம்பாதவள், எதைச் சொன்னாலும் இன்னொரு கேள்வி கேட்பவள், அன்றைக்கு என்னிடம் மறுகேள்வி கேட்கவில்லை. நம்பிவிட்டாளா, தெரிந்துகொண்டே விட்டுவிட்டாளா? அவள் அப்பா சொல்லியிருப்பாரோ என்று அவரைக் கவனித்துப் பார்க்கிறேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியமில்லை.

நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள்தான். இதையும் படிப்பாள்.

தாயி, அப்பா சொன்னது திங்கட்கிழமை இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம், கோழி அடைக்கிற நேரம். போய் மேடத்திடம் ‘நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்’ என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் போன் என் கையில்தான் இருந்தது.